மெழுகுக்குள் தங்கபுஷ்பம்

தங்கபுஷ்பத்தை மாசிலாமணி கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும், பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அறுவை செய்து பாதி நாக்கை எடுத்த பிறகு அவள் பேச்சு வாய்க்குள் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. நர்சுகளுக்கு ஒன்றும் விளங்காது. அவருக்கு ஒரு சொல் விடாமல் விளங்கும். "அந்தக் கண்ணாடியத் தொடச்சிட்டுத்தான் போங்களேன். எதிர்ல வாறது மாடா மனுசனான்னாவது தெரியட்டும்" என்றாள். அவர் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு கேண்டீனுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வந்தார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்து விட்டிருந்தார்கள். அது நடந்து பதினோரு வருஷம்.

இப்போது அதே ஆஸ்பத்திரியில், தான் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்த அதே பயாப்சி லேப்பில், அதே ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு தட்டு நிறையப் பனிக்கட்டி. அதன்மேல் முகம் குப்புறக் கிடக்கிறது ஒரு மெழுகு பிளாக், பாதித் தீப்பெட்டி அளவு. அதற்குள் தங்கபுஷ்பத்தின் நாக்கு ஓரத்திலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கிள்ளி எடுத்த துவரம்பருப்பளவு சதை. பிளாக் குளிர்ந்து இறுக இருபது நிமிஷமாவது வேண்டும். குளிராத மெழுகு கத்தியில் சுருண்டுகொள்ளும். இந்த இருபது நிமிஷத்தை அந்தக் காலத்தில் அவர் ஒருநாளும் காத்திருத்தல் என்று நினைத்ததில்லை, டீ குடிக்கிற நேரம், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்ற சொல் மனசுக்குள் வந்ததும் அவர் லேசாக அசைந்து உட்கார்ந்தார். அந்தச் சொல் வந்தாலே இப்படி ஆகிறது, செருப்புக்குள் கிடக்கிற பொடிக்கல் மாதிரி. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். குளிர்சாதனம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. உருகிய மெழுகின் வாசனை, கோயில் வாசனையும் இல்லை மருந்து வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று, அவருடைய சட்டைகளில் முப்பத்துநாலு வருஷம் குடியிருந்தது. "உங்க சட்டையத் தொவைக்கதும் ஒண்ணு, மெழுவர்த்திய அலசுததும் ஒண்ணு" என்பாள். பனிக்கட்டியிலிருந்து மெல்லிய புகை எழும்பி மேஜை விளிம்பு வரை வந்து கலைந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொருகியது. அவளுக்குக் குளிர் ஆகாது. மார்கழியில் ரெண்டு போர்வை கேட்கிறவளை இப்படிப் பனிக்கட்டிமேல் குப்புறப் படுக்க வைத்திருக்கிறேனே என்று ஒரு நினைப்பு வந்தது. சிரிப்பும் வந்தது. சதைக்கு என்ன குளிர். ஆனாலும் அவர் கை தன்னை அறியாமல் நீண்டு பிளாக்கின் முதுகைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

ஜமீலா போன் செய்தது போன வியாழக்கிழமை. அவள்தான் இப்போது லேப்பைப் பார்த்துக்கொள்கிறாள், நாற்பது வயசு, மேலப்பாளையத்துக்காரி, அவர் ஓய்வு பெற்ற வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், சேர்ந்து இருந்தது பத்து வாரம்தான். "சார், வீட்லதான் இருக்கீங்களா?" "வேற எங்கம்மா இருப்பேன், துபாய்லயா." "இருந்தா ரெண்டு சோப்பு வாங்கிட்டு வரச் சொல்லலாம்னுதான்" என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கிற்று. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். வெற்றிலை, புகையிலை எதுவும் தொடாதவர்களுக்கு நாக்கில் ஏன் புற்று வருகிறது என்று பார்க்கிறார்களாம். அதற்காக ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் பத்திரப்படுத்தியிருக்கிற சதைத்துண்டுகளைக் கேட்கிறார்கள். "மேடத்தோட பேரும் லிஸ்ட்ல இருக்கு சார். ஆப்பரேசன் மதுரையில நடந்ததால அந்தத் துண்டெல்லாம் இங்க இல்ல. மொதல்ல எடுத்தாங்களே, ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் வந்துச்சே, அது இருக்கு. நோய் வாறதுக்கு முந்தி எடுத்த துண்டு கெடைக்கது ரொம்ப அபூர்வமாம் சார், அதான் ஆசப்படுதாங்க. நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் அனுப்ப முடியும்." நோய் வருவதற்கு முந்தி. அவர் போனைக் காதில் வைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மேலும் சொன்னாள், துண்டு ரொம்பச் சின்னது, கண்ணாடிச் சில்லுல ஒட்ட மெல்லிசாப் பத்து வெட்டு வேணும், எனக்கு அந்தக் கை வராது, நீங்களே வந்து வெட்டித் தந்தா நல்லது. "வேண்டாம்னு நெனச்சாலும் ஒண்ணுமில்ல சார். பேசாம டப்பாவுல போட்டுப் பூட்டிருவோம். யாரும் தொட மாட்டாங்க."

யாரும் தொட மாட்டார்கள். பனிக்கட்டிக்குப் பக்கத்தில் அந்தப் படிவம் கிடக்கிறது, நாலு பக்கம், தமிழில்தான் அடித்திருக்கிறார்கள். காலையிலிருந்து மூன்று தடவை படித்துவிட்டார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். பாட்டில் கழுவ இந்த லேப்புக்குள் வந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவர். எழுத்துக் கூட்டித்தான் இங்கிலீஷ் படிப்பார், தமிழை மட்டும் ருசித்துப் படிப்பார். இந்த மாதிரிகள் உலகின் பிற ஆராய்ச்சி நிலையங்களுடனும் பகிர்ந்துகொள்ளப்படலாம் என்று ஒரு வரி. உலகின் என்றால்? தங்கபுஷ்பம் பார்த்த உலகம் தெற்கே கன்னியாகுமரி, வடக்கே வேளாங்கண்ணி. ரயிலில் ஏறினால் முதல் ஸ்டேஷன் வருவதற்குள் பக்கத்து ஸீட்டுக்காரியின் நாத்தனார் பெயர் வரை தெரிந்துகொள்வாள். அவளைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சில்லைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியை விமானத்தில் ஏற்றி, பனி கொட்டுகிற ஏதோ ஊரில், மஞ்சள் தலைமுடிக்காரி ஒருத்தி குனிந்து கண்ணை வைத்துப் பார்ப்பாள். தங்கபுஷ்பம் சும்மா இருப்பாளா. என்னட்டி அப்படிப் பாக்க, சாப்பிட்டியா, ஒனக்கு எத்தன பிள்ளைய என்று கேட்பாள். தங்களுக்குப் பிள்ளை இல்லாததால் யாரைப் பார்த்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அவருக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. கண்ணை மூடி அதிலேயே கொஞ்ச நேரம் மிதந்தார். வெந்நீர்த் தொட்டியில் வெட்டி எடுத்த மெழுகு நாடாவை இறக்கியதும் சுருக்கம் நீங்கி விரிந்து மிதக்குமே, அப்படி. அதற்குக் கீழே, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம்; அதற்குள் பயன்படுத்தப்பட்டவை திரும்பக் கிடைக்கா. இந்த வரியில் மட்டும் மூன்று தடவையும் கண் தட்டி நின்றது. பயன்படுத்தப்பட்டவை. அவருக்குத் துண்டு திரும்ப வருவதைப் பற்றிக் கவலை இல்லை. வெட்டாமல் பூட்டி வைத்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெட்டினால் தெரிந்துவிடும். கையெழுத்துப் போடுவதும் தெரிந்துகொள்வதும் ஒன்றுதான். பனிக்கட்டி ஒன்று நொறுங்கிச் சரிந்தது. பிளாக் அரை விரல்கடை நகர்ந்து மறுபடி நின்றது.

அந்த லேப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிவைத்த சட்டம் இல்லை, யார் ஆரம்பித்தது என்றும் தெரியாது. சீட்டில் தெரிந்தவர் பெயர் வந்தால் வெட்டுகிற ஆள் அதைக் கவிழ்த்துப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவான். தள்ளப்பட்டவன் ஏன் என்று கேட்க மாட்டான். பக்கத்து மேஜைப் பூச்சிமுத்து தன் மாமனாருக்கு அப்படித் தள்ளினான், சமையல்கார ரஞ்சிதத்தின் மகளுக்கு அவரே தள்ளினார். தங்கபுஷ்பத்தின் சீட்டு வந்த அன்று பூச்சிமுத்து லீவு, ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை. பக்கத்து மேஜை காலி. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்காததற்கு அவர் அப்புறம் எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறார், தனக்குத்தான். சில்லைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் கோமதிநாயகம் சாயங்காலமே ரிசல்ட் தந்துவிடுகிறேன் என்றார், சின்னத் துண்டு என்றால் மாசிலாமணி கைதான் என்று ஆஸ்பத்திரியே சொல்லும், அந்தக் கையின் கர்வம் என்றும் ஒன்று உண்டே. பிளாக்கை மைக்ரோடோமில், அந்த வெட்டு மெஷினில், பொருத்தினார். சக்கரத்தைச் சுற்றினார். மேல் மெழுகு தூளாகப் போயிற்று, சதையின் ஓரம் பழுப்பாகத் தலைகாட்டிற்று. எந்தப் பிளாக்காக இருந்தாலும் சதையின் முழு முகமும் தெரிகிற வரை சீவித் தள்ளிவிட்டுத்தான் நல்ல வெட்டு எடுக்க வேண்டும், அதுதான் தொழில். அன்றைக்கு ஓரம் தெரிந்ததும் அவர் கை நின்றுவிட்டது. சீவித் தள்ளுகிற தூள் அவளல்லவா. குப்பைத்தட்டில் விழுவது அவளல்லவா. போதும் போதும் என்று உள்ளே ஒரு குரல், ஊசி போடுகிற நர்சிடம் சொல்கிற மாதிரி. மேலாக மூன்று வெட்டு எடுத்துச் சாயம் போட்டு அனுப்பினார். சாயங்காலம் டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "இதுல புண்ணுதான் தெரியுது. கெட்டது ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்சம் உள்ள போய் ரெண்டு வெட்டு பாப்பமா மாசிலாமணி?" என்று கேட்டார். அவர் சொன்னார், "அவ்வளவுதான் சார் இருக்கு." மாசிலாமணி பிளாக்கை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அது அடுத்த அறையில் இருந்தது. கெட்டது ஒன்றும் இல்லை என்ற வாக்கியம் காதில் விழுந்ததும் அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர வேண்டாம் என்று இருந்தது, கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட வேண்டும் போல. அவ்வளவுதான் சார். பிளாக்கில் மிச்சம் இருந்தது முக்கால்வாசி.

வீட்டுக்குப் போனதும் தங்கபுஷ்பம் வாசலிலேயே நின்றாள். "என் நாக்க நீங்களே வெட்டிட்டியளாமே. ஊர்ல உள்ள புருசன்மாரெல்லாம் ஆசப்படுதத நீங்க ஒரு ஆளுதான் செஞ்சு காட்டிருக்கிய." அவர், "வெட்டியும் பேச்சு நின்னபாடில்லையே" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், நாக்கு ஓரம் பல்லில் உரசி வலித்தும் சிரித்தாள். கூரான பல்தான் காரணம் என்று பல் டாக்டர் ராவி விட்டார். பாசிப்பருப்புப் பாயசம் வைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். அதற்கப்புறம் நாலு மாசம். நாலு மாசத்தில் ஒரு கத்தரிச்செடி காய்த்து ஓய்ந்துவிடும். காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள், பிறகு புளிப்பு, பிறகு வெறும் சோறே எரிகிறது என்றாள். மதுரையில் எடுத்த இரண்டாவது துண்டில் தெரிந்துவிட்டது. அந்த டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மாசிலாமணி மட்டும் அந்த வாக்கியத்தை நிறுத்தவில்லை. பன்னிரண்டு வருஷமாக அது அவருக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. நாலு மாசத்தில் புதிதாக வளர்ந்ததாகவும் இருக்கலாமே. இருக்கலாம். அப்படி வளர்வதும் உண்டு, அவரே பார்த்திருக்கிறார். பிளாக்கில் இன்னும் ஆழமாக ஒரு வெட்டு எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கப்புறம் அவர் இரண்டு வருஷம் இங்கேதான் வேலை பார்த்தார். பிளாக் அறை பத்தடி தூரம், அந்த இழுப்பறை எத்தனாவது வரிசை என்றுகூடத் தெரியும். அவள் போன பிறகு ஒரு தடவை சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். உள்ளே வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான பேர் மெழுகுக்குள் சத்தமில்லாமல் இருந்தார்கள். யாரோ தூங்குகிற வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போல வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டார். திறக்காத வரை அன்றைக்கே இருந்தது, இல்லை என்ற இரண்டுமே உண்மை. அந்த இரண்டுக்கும் நடுவில் பாயை விரித்துப் படுத்தே இத்தனை வருஷம் போய்விட்டது. அந்த மதியத் தூக்கம் கெட்டதென்று சொல்ல முடியாது. அதில் தங்கபுஷ்பம் பாயசம் கிண்டிக்கொண்டிருப்பாள், ரிசல்ட் சுத்தமாக வந்திருக்கும்.

"என்ன சார், தூங்கிட்டீங்களா? ஐஸ் பாதி தண்ணியாப் போச்சு" என்று ஜமீலா பக்கத்தில் வந்து நின்றாள். "இல்லம்மா." "கையெழுத்துப் போடலன்னா நான் எடுத்து வச்சிருவேன். சங்கடப்படாதீங்க." அவர் படிவத்தைப் பார்த்தார். நோய் வருவதற்கு முந்தி எடுத்தது என்று பெங்களூரில் ஒருத்தன் நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் நம்பாவிட்டால் என்ன, நம்பினால்தான் என்ன, பூட்டி வைத்துவிட்டால் அவன் வேறு துண்டைத் தேடிக்கொண்டு போவான். தங்கபுஷ்பம் மறுபடி இருட்டில் இருப்பாள், அவரும் வீட்டுக்குப் போய்ப் படுப்பார். ஆனால் வெற்றிலையைக்கூடத் தொடாத தனக்கு ஏன் வந்தது என்று தங்கபுஷ்பம் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதிக் காட்டியும் கேட்டாள். நான் என்னத்தத் தின்னேன், யாருக்கு என்ன செஞ்சேன். அந்தக் கேள்வியையே பெங்களூர்க்காரனும் கேட்கிறான். பேனாவை எடுத்து கணவர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஜமீலா தேதியையும் போடச் சொன்னாள். போட்டார்.

பிளாக்கைத் துடைத்து மைக்ரோடோமில் பொருத்தினார். கைக்கு மறக்கவில்லை. பழைய முகம் கத்திக்கு நேராக வர ஆறு சுற்று பிடித்தது. சதை கத்தியைத் தொட்டதும் சக்கரத்தின் சத்தம் மாறிற்று. அந்த மாற்றத்தைக் கேட்டு அவர் நின்றார். அன்றைக்குக் கை நின்றுபோன அதே இடம். குனிந்து பிளாக்கின்மேல் வாயை வைத்து ஹா என்று ஊதினார். வெட்டுவதற்கு முன் மெழுகை இளக்க எல்லாரும் செய்வதுதான், எத்தனை ஆயிரம் பேரின்மேல் அப்படி ஊதியிருப்பார். ஆனால் இப்போது மூச்சு பட்டு மெழுகில் ஆவி படர்ந்ததும், அவள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஊதச் சொல்வாளே, இன்னும் கொஞ்சம் ஊதுங்க, சுகமா இருக்கு. ஊதினார். சக்கரத்தைச் சுற்றினார். ஒன்று. தூள் தட்டில் விழுந்தது, விழட்டும். இரண்டு, மூன்று. ஒரு சுற்றுக்கு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு இறங்கும். எண்ணுவது பழக்கம். ஏழு, எட்டு. சதையின் முகம் பிறை மாதிரி இருந்தது பெரிதாகி வந்தது. பதினொன்றாவது சுற்றில் முழுதாகத் தெரிந்தது. அளவை மாற்றி நல்ல வெட்டு எடுத்தார். நாடா கத்தியிலிருந்து நழுவி வந்தது, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். தூரிகை நுனியில் ஏந்தி வெந்நீரில் விட்டார். சுருக்கம் போய் விரிந்தது. பக்கத்தில் நின்ற ஜமீலா, "அல்லாவே, என்ன கை சார் இது" என்றாள். முதல் வெட்டைக் கண்ணாடிச் சில்லில் ஏந்திச் சாயத்துக்குக் கொடுத்தார். துண்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதித்தான் மற்றதை அனுப்ப வேண்டுமாம். மிச்சப் பத்தையும் ஒவ்வொன்றாக ஏந்தி வரிசையில் நிறுத்தினார். ஒன்றும் கிழியவில்லை.

மெழுகை உருக்கிக் கழுவிச் சாயம் ஏற்ற அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் அவர் எதையும் நினைக்கவில்லை என்றுதான் பின்னால் தோன்றியது. குளிர்சாதனத்தின் முனகல் ரயில் சத்தமாகிப் பிறகு மழைச் சத்தமாகிப் பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. யாரோ நடைபாதையில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. ஜமீலா சில்லை மைக்ரோஸ்கோப்பில் வைத்து முதலில் பார்த்தாள். எழுந்து ஸ்டூலை அவருக்கு விட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். இளஞ்சிவப்புக் கடல். மேல் கரையில் நாக்கின் தோல், அன்றைக்குப் பார்த்த அதே புண். கைப்பிடியை மெல்லத் திருகிக் கீழே இறங்கினார். கீழே, தசை நார்களுக்கு நடுவே, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல வட்ட வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தது. அது என்னவென்று சொல்ல டாக்டர் வேண்டாம். முப்பத்துநாலு வருஷம் போதும். அவர் நெடுநேரம் பார்த்தார். அது அழகாகக்கூட இருந்தது, அதுதான் தாங்கவில்லை. பதினோரு சுற்று. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

"அன்னைக்கே இருந்திருக்கு சார்" என்றாள் ஜமீலா. "ஆமா." "ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட்டு..." "டாக்டர் மேல தப்பில்ல. இன்னும் உள்ள போவமான்னு கேட்டாரு. அவ்வளவுதான் இருக்குன்னு நான் சொன்னேன்." சொல்லி முடித்த பிறகு தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று அவருக்கே வியப்பாக இருந்தது. ஜமீலா அவரைப் பார்த்தாள். அனுப்புகிற சீட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். "இதுல ஒரு கட்டம் இருக்கு சார். முந்தி யாரு வெட்டினது, எவ்வளவு ஆழம்னு. பழைய ரிஜிஸ்டர்ல உங்க பேருதான் இருக்கு, அத நான் போன வாரமே பாத்துட்டேன். ஆழம் எழுதல. சும்மா கோடு போட்டு விட்டுரவா?" அவர் யோசிக்கவே இல்லை. "வேண்டாம். எழுது. வெட்டியவர் மாசிலாமணி. முழு முகம் வரை வெட்டப்படவில்லை. நோய் அப்போதே இருந்தது." அவள் பேனாவோடு நிமிர்ந்தாள். "அப்படியே எழுதவா சார்?" "அப்படியே எழுதும்மா. இல்லன்னா அவங்க கணக்குத் தப்பாப் போயிரும். நோய்க்கு முந்தி எடுத்தது இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும்ல." அவள் எழுதினாள். எழுதுவது தலைகீழாகத் தெரிந்தாலும் அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கால் குறில் நெடில் ஒன்றும் பிசகவில்லை. சாளரத்துக்கு வெளியே வேப்பமரத்தில் வெயில் இறங்கியிருந்தது. அவருக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது, ரொம்ப நாள் தூங்காதவனுக்கு வருகிற மாதிரி கனமாக. ஜமீலா பிளாக்கைக் கழற்றி, வெட்டிய முகத்துக்கு உருகிய மெழுகு தொட்டு மூடினாள். பிறகு ஸ்கேலைப் பக்கவாட்டில் வைத்து அளந்து, கடைசிக் கட்டத்தை நிரப்பினாள். மீதிச் சதை, ஒன்றரை மில்லிமீட்டர்.